என்னைப் போன்றவளுக்கு இந்த மூச்சு போதுமாம்

1

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. இந்த ஊரில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே இரும்பில் வளைத்து வைத்திருப்பார்கள். பார்க்க வரும் சனம் அழகாக இருக்கிறதென்று படம் எடுத்துக்கொண்டு போகும். மாசி மாதத்துப் பனியில் அரிசி மூட்டையோடு ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அழகின் அருமை தெரியும். போன மாரிப் பனியில் ஒரு நாள், கையில் மூட்டைகூட இல்லை, ஒரு கட்டுக் கீரையும் பாலும்தான், பாதிப் படியில் நின்றுவிட்டேன். கால் ஓடியது, மூச்சு ஓடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடக் கூடாதே என்று கைத்தொலைபேசியை நோண்டுகிறவள் போல நின்றேன். மூச்சு முட்டும்போதுகூட மானம் பார்க்கிற சாதி நாங்கள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு, இவள் ஏதோ வெளிநாட்டு நோய் வருத்தத்தைப் பற்றிப் புலம்பப் போகிறாள் என்று தோன்றும். புலம்பத்தான் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

நான் டோர்வல் விமான நிலையத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னால், ஊரில் எனக்கு ஒரு மரியாதை. என் மச்சாள் ஒருத்தி, நான் தினமும் பறந்து திரிகிறேன் என்றே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மை என்னவென்றால், பறந்து வந்து இறங்கிய விமானத்துக்குள் ஓடிப்போய், ஆட்கள் விட்டுப்போன எச்சில் கோப்பையும் குழந்தையின் நனைந்த துணியும் பொறுக்கி, மேசையெல்லாம் கிருமி கொல்லும் மருந்து அடித்துத் துடைப்பதுதான் என் வேலை. அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். கதவு அடைத்த அந்த நீட்டுக் குழாய்க்குள் மருந்துப் புகை போக வழியில்லை. பறக்காத விமானங்களுக்குள்ளேயே என் பாதி ஆயுள் போய்விட்டது.

என்னோடு சோடியாக வேலை செய்பவள் ஒடெத். ஹைட்டி நாட்டுக்காரி, என் வயதுதான். இடப்பக்க இருக்கைகள் அவளுக்கு, வலப்பக்கம் எனக்கு. என் பெயர் யோகேஸ்வரி. அது அவள் வாய்க்குள் நுழையாததால் நான் யோகா ஆனேன். மதியம் அவளுடைய சிவப்பு அவரைச் சோற்றையும் என் கத்தரிக்காய்க் குழம்பையும் மாற்றிக்கொள்வோம். என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு உறைப்புக் காணாது என்று சொன்ன ஒரே மனுசி அவள்தான். யாழ்ப்பாணத்தாளைப் பார்த்துச் சொல்லலாமா அதை? ஆனாலும் இந்த நாட்டில் எனக்கு வாய்த்த சிநேகிதி அவள் ஒருத்திதான். அவளும் இருமுவாள், நானும் இருமுவேன். ஒருத்தி இருமி முடிக்க மற்றவள் தொடங்குவாள்.

2

இந்த மாகாணத்தில் குடும்ப வைத்தியர் கிடைப்பது கலியாணத்துக்கு மாப்பிள்ளை கிடைப்பதைவிடக் கஷ்டம். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் பதிந்தபோது என் மகள் துளசி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவள் கல்லூரியில் படிக்கிறாள், வைத்தியர் இன்னும் வரவில்லை. கடைசியில், நேரே போய் வரிசையில் இருக்கும் கிளினிக் ஒன்றில், விடிய முதலே போய் நின்று ஒரு டொக்டரைப் பிடித்தேன். காதுக்குழாய் வைத்துப் பார்த்தார். மூச்சுப் பரிசோதனைக்கு வைத்தியசாலைக்கு அனுப்பினார்.

பரிசோதனை என்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறிய ஒன்று. சீனி பார்க்கவா, கொழுப்புப் பார்க்கவா, கண் பார்க்கவா என்ற வித்தியாசம் இல்லை. நானும் தண்ணீர்கூட வாயில் வைக்காமல் போய் இருந்தேன். மூக்கில் ஒரு கவ்வியை மாட்டி, வாயில் குழாயைத் தந்து, ஒரு இளைஞன் "சூஃப்லே, சூஃப்லே, சூஃப்லே!" என்று கத்தினான். ஊது, ஊது என்று அர்த்தம். கோயில் தேர் இழுக்கும் இடத்தில்கூட இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஊதி ஊதி, பசியிலும் மயக்கத்திலும் சுவர் சுற்றியது. பரிசோதனைக்கு முன் சாப்பிடலாம் என்று அதன் பிறகுதான் சொன்னான்.

ஊதுவதற்கு முதல் என் வயது, உயரம் கேட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சற்றே தயங்கினான். "மதாம், நீங்கள் கறுப்பினமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சில் பொதுநிறம் என்று ஒரு சொல் உண்டு, உங்களுக்குத் தெரியும். கறுப்பு என்று சொல்ல மனமில்லாமலும் வெள்ளை என்று பொய் சொல்ல முடியாமலும் எங்கள் பெரியவர்கள் கண்டுபிடித்த நிறம் அது. அந்த நிறத்துக்காரி நான். "இல்லை, இல்லை, ஆசியா! ஸ்ரீலங்கா!" என்று அவசரமாகச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிக் கணினியில் எதையோ அமத்தினான். ஒரு பெரிய அவமானத்திலிருந்து தப்பிய நிம்மதி எனக்கு.

3

கிளினிக் டொக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: நோர்மால். சுவாசப்பை நன்றாக வேலை செய்கிறதாம். "உங்களுக்கு மனதில் ஏதும் கவலை உண்டா, மதாம்?" என்று அன்பாகக் கேட்டார். அகதியாக வந்தவளிடம் இதைக் கேட்டால் என்ன சொல்வது? கவலை இல்லாத நாள் எது என்று கேட்டிருந்தால் யோசித்துச் சொல்லியிருப்பேன். பதற்றத்தால்தான் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி ஒரு சின்னக் குளிசை எழுதித் தந்தார்.

என் கணவருக்கு அது நல்ல செய்தி. "நோர்மால் எண்டால் சந்தோசப்படாமல் ஏன் முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறாய்?"

"எனக்கு மூச்சு வருகுதில்லையப்பா."

"மிசின் சொல்லுது வருகுதெண்டு. நீ மிசினை விடப் பெரிய ஆளே?"

அதன் பிறகு தொடங்கியது உண்மையான பதற்றம். மூச்சு முட்டுவதால் பதறுகிறேனா, பதறுவதால் மூச்சு முட்டுகிறதா என்று எனக்கே தெரியாமல் போனது. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் என் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். தன் மூச்சைத் தானே காவல் காத்துப் பாருங்கள், நல்ல மூச்சும் திக்கும். படியில் நிற்கும்போது, எனக்கு ஒன்றுமில்லை, இது நடிப்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். விமானத்துக்குள் ஏதாவது ஒரு இருக்கையில் சாய்ந்தபடியே செத்துப் போய்விடுவேன், ஏறுகிற பயணி வந்து இது என் இருக்கை என்று தட்டி எழுப்பப் பார்ப்பார் என்று ஒரு நினைப்பு வரும். சிரித்துவிட்டு அடுத்த இருக்கையைத் துடைப்பேன். குளிசையை விழுங்கினால் நித்திரைதான் வந்தது, மூச்சு வரவில்லை.

4

ஓய்வறையில் ஒடெத்திடம் சொன்னேன். அவள் பேசுவது பிரெஞ்சும் கிரியோலும் கலந்த பேச்சு. நான் விளங்கிக்கொண்டதை எங்கள் தமிழில் எழுதுகிறேன், பிழை இருந்தால் அது என்னுடையது.

"எனக்கும் போன வருசம் நோர்மால் எண்டுதான் சொன்னவை," என்றாள்.

"நீ ஊதிப் பாத்தனியே? எனக்குச் சொல்லேல்லை!"

"என்னத்தைச் சொல்லுறது? எங்களைத் திடகாத்திரம் எண்டு சொல்லுறது இண்டைக்கு நேற்றே?"

பிறகு அவள் சொன்னதை நான் மறக்க மாட்டேன். அவர்கள் நாட்டில் அடிமைக் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரி இருந்ததாம். அதன் பூட்டு வெளிப்பக்கம். துரை கூலி கொடுத்து வைத்த டொக்டர் வந்து பார்ப்பார். என்ன வருத்தம் என்று பார்ப்பது அவர் வேலையில்லை. எப்போது திரும்பக் கரும்பு வெட்ட விடலாம் என்று பார்ப்பதுதான். மூச்சு முட்டுகிறது என்று சொன்னவன் கள்ளன், வேலைக்குச் சுழிக்கிறவன். அந்தத் தோட்டங்களில் செத்தவர்களுக்குப் பதிலாகக் கப்பல் கப்பலாகப் புது ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்களாம். அவள் தாய் அவளுக்குச் சொன்னது, தாய்க்கு அவள் தாய் சொன்னது: ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகாதே.

"என்ரை தங்கச்சி இஞ்சை தனியத்தான் போனவள்," என்றாள் ஒடெத். "வயித்துக்குத்து. தாங்கக்கூடிய நோதான் எண்டு திருப்பி அனுப்பிட்டினம்." தங்கச்சி பிழைக்கவில்லை. சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

5

துளசி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். சிநேகிதிகளோடு நகரத்தின் மற்றப் பக்கத்தில் இருக்கிறாள். சின்ன வயதில் எனக்காக எத்தனை அலுவலகங்களில் நின்று மொழிபெயர்த்த பிள்ளை. வளர்ந்ததும் அந்த வேலையில் சலித்துவிட்டாள் போல, இப்போது என்னோடும் பிரெஞ்சில்தான் பதில். சோறு போட்டால் பாதியை ஒதுக்குவாள், கையில் அந்தத் தொலைபேசி. அவள் படிப்பது சுவாசச் சிகிச்சை. மூச்சு இயந்திரங்களைப் பற்றிய படிப்பு. ஆனால் என் மூச்சைப் பற்றி அவளிடம் நான் வாய் திறக்கவில்லை. பிள்ளைக்குச் சோதனை நேரம், வீணாக ஏன் பயப்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன். என் கணவர்தான் சாப்பாட்டு நேரம் போட்டுடைத்தார்.

"கொம்மாவுக்கு மூச்சு முட்டாம். மிசின் நோர்மால் எண்டு சொல்லியும் நம்புறாவில்லை."

துளசி தொலைபேசியைக் கீழே வைத்தாள். "அம்மா, ஊதமுந்தி அவர் உங்களை எந்த ஆள் எண்டு கேட்டவரோ?"

"ஓம். கறுப்போ எண்டு கேட்டவன். நான் விடேல்லை, ஆசியா எண்டு சொல்லிப் போட்டன்."

"ஐயோ அம்மா. கறுப்பு எண்டாலும் குறைப்பினம், ஆசியா எண்டாலும் குறைப்பினம். வெள்ளைக்கு மட்டும்தான் முழு நுரையீரல்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு விளங்கப்படுத்தினாள். தமிழ் வராத இடத்தில் பிரெஞ்சைப் போட்டாள், நான் தடுக்கவில்லை. அமெரிக்காவில் பருத்தித் தோட்டங்கள் இருந்த தென்பகுதியில் ஒரு டொக்டர் இருந்தாராம். அடிமைகள் அடிமைகளாகவே இருக்க வேண்டும் என்று எழுதியவர். தோட்டத்தை விட்டு ஓட நினைப்பதே ஒரு மனவருத்தம் என்று அதற்குப் பெயரும் வைத்தவர். மூச்சை அளக்கும் கருவி புதிதாக வந்தபோது, அடிமைகளின் மூச்சை வெள்ளையரின் மூச்சோடு ஒப்பிட்டு, இவர்களுக்கு நுரையீரல் பிறப்பிலேயே சின்னது, வயலில் வேலை வாங்கினால்தான் இவர்களுக்கு இரத்தம் ஓடும், ஆகவே அடிமை வேலை அவர்களுக்கு மருந்து என்று எழுதினார். அவர் செத்தும் அந்தக் கணக்குச் சாகவில்லை. ஆளுக்கு ஆள் அதைப் பிரதி எடுத்து, பிறகு ஆசியாக்காரருக்கும் ஒரு குறைப்பைச் சேர்த்து, கடைசியில் இயந்திரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ஆளின் இனத்தைத் தட்டினால் போதும், இவருக்கு இவ்வளவு மூச்சுக் காணும் என்று அது தானாகக் குறைத்துக்கொள்ளும்.

"இப்ப அதை எடுக்கச் சொல்லியிட்டினம், அம்மா. வகுப்பிலை படிப்பிச்சவை. ஆனா எல்லா இடமும் இன்னும் மாத்தேல்லை."

"அப்ப எனக்கு நோர்மால் எண்டது?"

"உங்களைப் போல ஒராளுக்கு இது போதும் எண்டு அர்த்தம்."

அந்தக் காலத்திலேயே அடிமைப் பெண்களை மயக்கமருந்து இல்லாமல் வெட்டித் தைத்துப் பழகினார்கள் என்றும், இவர்களுக்கு நோகாது என்று எழுதி வைத்தார்கள் என்றும் அவள் சொன்னாள். நான் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனேன். ஏனென்றால் அந்த வசனத்தை நான் முன்பு கேட்டிருக்கிறேன், அமெரிக்காவில் அல்ல.

நான் ஊரில் இருந்த காலத்தில், எங்கள் வீட்டு வளவில் கிணறு இறைத்து ஆழமாக்க வந்த செல்லன் என்பவரின் கையில் கல் விழுந்து பிளந்தது. ஊரில் இருந்தது ஒரு அப்போதிக்கரி ஐயா. டொக்டருக்குக் கீழே, ஆனால் எங்களுக்கு அவர்தான் டொக்டர். விறைக்கும் ஊசி கொஞ்சம்தான் இருக்கிறது என்று சொல்லி, அதைப் போடாமலே தைத்தார். "உவங்களுக்கு நோகாது. உழைச்ச உடம்பு," என்றார். என் அப்பா தலையை ஆட்டினார். செல்லனின் மனைவி படலைக்கு வெளியே நின்றாள், உள்ளே வரும் வழக்கம் இல்லை. செல்லன் ஒரு சத்தம் போடவில்லை. கழுத்து நரம்புதான் புடைத்தது. "பாத்தியே, ஒரு முனகல்கூட இல்லை," என்று அம்மா பிறகு அதிசயமாகச் சொன்னார். கத்தினால் அடுத்த கிணற்றுக்கு யார் கூப்பிடுவார்கள் என்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. உங்களுக்கும் பங்கு உண்டு என்று மேலே எழுதியது இதைத்தான்.

6

திரும்பப் போய்க் கேட்பது என்று துளசி முடிவு செய்தாள். என் கணவர் மறித்தார்.

"டொக்டரை எதிர்த்துக் கேக்கிறதே? பேந்து வேலைக்கு ஏலாது எண்டு எழுதிவிட்டா என்ன செய்யிறது?"

"அம்மா மூச்செடுக்கிறதோ பெரிசு, வேலையோ பெரிசு, அப்பா?" என்றாள் துளசி. முழுக்கத் தமிழில். அவர் அடங்கிவிட்டார்.

நான் அடங்கவில்லை, நடுங்கினேன். பேருந்தில் போகும்போது, திரும்பிவிடுவோம் பிள்ளை என்று இரண்டு தடவை சொன்னேன். பிரசா உரிமை எடுத்து எத்தனையோ காலமாகியும், அலுவலகக் கதிரையில் இருக்கும் ஒருவரிடம் நீங்கள் சொன்னது பிழை என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. கேட்டால் ஏதோ ஒன்றைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் கூடவே கப்பலேறி வந்தது, இன்னும் இறங்கவில்லை.

அதே டொக்டர். துளசி பேசினாள், நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் கோபப்படவில்லை. அவள் சொல்லி முடியும்வரை கேட்டார். கணினியைத் திருப்பி வைத்து, நான் ஊதிய அதே ஊதலை, இனத்தை எடுத்துவிட்டு மறுபடி கணக்குப் போட வைத்தார். "மன்னிக்க வேண்டும், மதாம். இது நோர்மால் இல்லை," என்றார். இயந்திரம் சொன்னதைத்தான் தானும் சொன்னதாகச் சொன்னார். நல்ல மனிதர். எனக்கு அதுதான் இன்னும் பயம். கெட்டவர் என்றால் நான் முதலே கவனமாக இருந்திருப்பேன்.

உடனே படம் எடுக்க அனுப்பினார்கள். சுவாசப்பை ஓரங்களில் இறுகத் தொடங்கியிருக்கிறதாம். ஆரம்பம்தான், மருந்தால் நிறுத்திப் பிடிக்கலாம். ஆனால் இறுகியது இளகாதாம், போனது போனதுதான். இனி மருந்துப் புகைப் பக்கமே போகக் கூடாது என்று கடுமையாக எழுதித் தந்தார்கள். எனக்கு நோய் வருத்தம் இருக்கிறது என்று கேட்டு நான் அழுதேன், சந்தோசத்தில் அழுதேன். நடிக்கவில்லை, எனக்கு விசர் பிடிக்கவில்லை, உண்மையாகவே எனக்கு மூச்சு முட்டியிருக்கிறது. துளசி என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். குழந்தையாக இருந்ததற்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

7

என்னைப் போர்வை மடிக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். சுத்தமான காற்று, உட்கார்ந்து செய்யும் வேலை. வேலை போகவில்லை, என் கணவர் பயந்ததுதான் மிச்சம். என் வலப்பக்கத்து இருக்கைகளை இப்போது வேறு ஒருத்தி துடைக்கிறாள். இடப்பக்கம் இன்னும் ஒடெத். ஓய்வறையில் அவள் இருமும்போது என் நெஞ்சு நோகிறது.

முதல் நாளே அவளிடம் சொன்னேன், நீயும் போய்த் திருப்பிக் கணக்குப் போடச் சொல்லு என்று. அவள் மாட்டேன் என்றாள். ஓய்வூதியத்துக்குக் கொஞ்சக் காலம்தான், வாய் திறக்காமல் முடித்துவிடுகிறேன் என்றாள். நான் விடவில்லை. கத்தரிக்காய்க் குழம்போடு போய் ஒவ்வொரு மதியமும் நச்சரித்தேன். கோபித்து ஒரு கிழமை பேசாமலும் இருந்தேன். கடைசியில் போன வாரம், ஒரு விமானத்தைத் துடைத்துவிட்டு வந்தவள் ஓய்வறைக் கதவுக்கருகில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருமல் அடங்கியதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் தனியப் போகமாட்டன்," என்றாள்.

"ஆர் உன்னைத் தனியப் போகச் சொன்னது? நான் வாறன். துளசியும் வருவாள்."

வருகிற வியாழக்கிழமை போகிறோம். புதிதாக ஊத வேண்டும். அந்த இடத்து இயந்திரத்தை மாற்றிவிட்டார்களா என்று துளசி தொலைபேசியில் இரண்டு தரம் கேட்டாள்; ஒருவருக்கும் தெரியவில்லை. மறுபடி நோர்மால் என்று வந்துவிட்டால் ஒடெத் இனிப் போகவே மாட்டாள், அந்தப் புகைக்குள்ளேயே நிற்பாள். இறுகியது இளகாது என்பது எனக்குத் தெரியும். இந்த ஒரு வாரமாக எனக்கு என் மூச்சைப் பற்றிய நினைப்பே இல்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"ஆற்றை பேருக்கு, அம்மா?" என்று ஐயர் கேட்டார்.

"ஒடெத்."

"நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. ஹைட்டியிலை பிறந்தவ."

"அப்ப சுவாமி பேருக்கே செய்வம்."

"இல்லை ஐயா. அவவின்ரை பேருக்குத்தான் செய்யவேணும்."

ஐயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. என்ன, சுகமில்லையோ? சுகம் வர வேண்டுதலோ?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "வியாழக்கிழமை டொக்டரிட்டைப் போறம் ஐயா. அவவுக்கு வருத்தம் இருக்கெண்டு வரவேணும்."

எடுத்த தேங்காயை ஐயர் திரும்பத் தட்டில் வைத்தார். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஐயர் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் அவவுக்கும் ஏதும் கோவமோ, அம்மா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா," என்றேன். "எனக்கு இந்த நாட்டிலை இருக்கிற ஒரே சிநேகிதி."

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். உள்ளே போய், மந்திரத்தின் நடுவில் ஒடெத் என்று இரண்டு தரம் தடுமாறி, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு, முருகா, அவளுக்கு வருத்தம் இருக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும் என்று மனதார மன்றாடினேன்.